வளவுக்குள் வந்தால் சுடலாம் என்று யார் சொன்னது?

வாள்வெட்டுச் செய்தி ஒன்று பத்திரிகையில் வந்தால் அடுத்த கிழமை என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பி யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், நல்லூர்ப் பக்கம் வீடு கட்டியவர், இல்லாவிட்டால் ஒரு நகைக்கடை முதலாளி. கேள்வி மாறாது. "சேர், றிவோல்வர் எடுக்கிறதோ, பிஸ்டல் எடுக்கிறதோ, எது நல்லம்?" போன கிழமை வந்தவர் போனில் படங்களோடேயே வந்தார். எதை வாங்குவது என்று முடிவும் எடுத்திருந்தார். அதால் எப்போது சுடலாம் என்று மட்டும் யோசித்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. தற்பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சிடம் போக வேண்டும். கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 2024இல் அப்படி வழங்கிய துவக்குகளை நவம்பர் 7க்குள் திருப்பி ஒப்படைக்கும்படி அமைச்சே கேட்டது. கனடாவிலிருந்து வந்து "அங்கே இதெல்லாம் லேசு" என்பவர்களுக்கும் ஒன்று: அங்கே 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையே முடக்கப்பட்டிருக்கிறது.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். "என்ர வளவுக்குள்ள வந்தவனை நான் சுடலாம்தானே?" இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் இது ஏறுவதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள்தான் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. மதில் ஏறிக் குதித்தவன் அத்துமீறி நுழைந்தவன், அவ்வளவுதான். அவனைத் தடுக்க மரணம் தவிர்ந்த தீங்கு செய்யலாம் என்கிறது 97ஆம் பிரிவு. உயிர் போகும் அளவுக்குப் போகலாம் என்பது கொள்ளை, இரவில் வீடுடைப்பு, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, இல்லாவிட்டால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாக அஞ்ச வேண்டிய நிலை என்று சிலவற்றுக்குத்தான். அங்கேயும் 92ஆம் பிரிவு நிற்கிறது: தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது, பொலிசை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை.

வந்தவன் திரும்பி ஓடத் தொடங்கிவிட்டால் கதை முற்றாக மாறுகிறது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் ஒரு வரி இருக்கும்: சன்னம் நுழைந்த காயம் முதுகில். அந்த வரியை வைத்துக்கொண்டு தற்காப்பு என்று வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது குற்றவியல் வழக்குப் பேசும் எவருக்கும் தெரியும். அதோடு, தற்காப்பு என்பதை நிரூபிக்கும் பாரம் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தலையில்தான், சாட்சியக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவு. அந்த எதிரி வேறு யாரும் இல்லை, வீட்டுக்காரர்தான்.

இப்போது றிவோல்வரோ பிஸ்டலோ என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். றிவோல்வரில் சாதாரணமாக ஐந்தோ ஆறோ ரவைதான். ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். சுழலும் உருளையைத் திறந்தால் எத்தனை இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். விசை கனம், மீள நிரப்ப நேரம் எடுக்கும். பிஸ்டலில் பதினைந்து, பதினேழு ரவை கொள்ளும், விசையும் பெரும்பாலும் இலேசு. ஆனால் மணிக்கட்டு தளர்ந்தால் வெற்றுக்கோது சிக்கும், அந்தப் பதற்றத்தில் சிக்கெடுக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சியே எடுக்கப்போவதில்லை என்பவருக்கு இரண்டில் றிவோல்வர்தான் குறைந்த ஆபத்து என்பேன். பயிற்சி எடுக்க மாட்டார் என்றால் இரண்டுமே வேண்டாம் என்பதே என் உண்மையான பதில். ரவை கூட இருப்பதும் பெருமை இல்லை. நீங்கள் சுட்ட ஒவ்வொரு ரவைக்கும், அந்த நொடியில் அது ஏன் தேவைப்பட்டது என்று மன்றில் தனித்தனியாகக் கேட்பார்கள்.

இன்னொன்று, தயவுசெய்து மனதில் வையுங்கள். ரவைகளை அடுக்கும் மகசீனைக் கழற்றினால் பிஸ்டல் வெறுமையாகாது. குழலின் அறைக்குள் ஒரு ரவை நிற்கலாம், பல பிஸ்டல்கள் மகசீன் இல்லாமலே அதைச் சுடும். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். எந்தத் துவக்கையும் ரவை இருப்பதாகவே நினைத்துப் பிடியுங்கள். தலையணைக்குக் கீழே வைக்காதீர்கள், பிள்ளைகள் படுக்கிற வீடு அது. பூட்டிய பெட்டி வேண்டும், திறப்பு உங்களிடம் மட்டும். குடித்துவிட்டுத் தொடவே கூடாது. கலியாண வீட்டில் நண்பர்களுக்குக் காட்டுவதும் வேண்டாம்.

எனக்குக் காசு தந்து ஆலோசனை கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இரும்புக் கிறில், வளவுக்கு வெளிச்சம், நல்ல நாய், அயலவரின் நம்பர், பொலிஸ் அவசர இலக்கம் 119. இவை யாரையும் மேல் நீதிமன்றத்தில் நிறுத்தியதில்லை.

விடுவித்த காணியைத் துப்புரவாக்கும்போதும் கிணறு இறைக்கும்போதும் போர்க்காலத்துத் துவக்கு ஏதும் அகப்பட்டால் எடுத்து எண்ணெய் போட்டு வைக்காதீர்கள். கை படாமல் அப்படியே விட்டுவிட்டு, அன்றைக்கே பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ சொல்லுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோன பிறகு "இப்பதான் கண்டெடுத்தது" என்று சொன்னால் அதை நம்பவைப்பது எங்களுக்கும் கஷ்டம்.