மூளை ஸ்கேன்ல சிவப்பா தெரியுறது யோசனை இல்ல, ரத்தம்

கோபம் வந்தா மூளையில இந்த இடம்தான் வேலை செய்யுதுன்னு ஒரு படம் போடுவாங்க பாருங்க, சாம்பல் கலர்ல மூளை, ஒரே ஒரு இடம் மட்டும் சிவப்பா, மத்ததெல்லாம் தூங்குற மாதிரி. அது பெரும்பாலும் எஃப்எம்ஆர்ஐ படம், அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுக்குற எம்ஆர்ஐ ஸ்கேன். அதுல தெரியுறது நியூரான், அதாவது நரம்பு செல், இல்ல. நியூரான்கள் வேலையை ஆரம்பிச்சா அந்தப் பக்கமா ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு ரத்தம் தேவைக்கு மேலயே வந்து சேரும், ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்குறது ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இருக்குற ஹீமோகுளோபினும் அதை விட்டுட்ட ஹீமோகுளோபினும் காந்தத்துக்கிட்ட வேற வேற மாதிரி நடந்துக்கும், இந்த வித்தியாசத்தை வச்சே படம் எடுக்கலாம்னு 1990ல செய்ஜி ஓகாவாங்கிற விஞ்ஞானி காட்டினார்.

அருமையான ஐடியாதான், ஆனா தெரிஞ்ச முகத்தை அடையாளம் கண்டுபிடிக்க நமக்கு அரை செகண்ட் கூட ஆகாது, ரத்தம் உச்சத்துக்கு வர்றதுக்கோ 5, 6 செகண்ட் ஆகும். வேலை முடிஞ்சப்புறம் வர்ற ரத்தத்தைப் பாத்துத்தான் என்ன நடந்திருக்கும்னு ஊகிக்கிறோம். படத்துல ஒரு புள்ளின்றது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனசதுரம், அதுக்குள்ள லட்சக்கணக்குல நியூரான் இருக்கு. சிவப்பு கலர் கூட கம்ப்யூட்டர் பூசுறதுதான், ரெண்டு வேலைக்கு நடுவுல எங்க வித்தியாசம் அதிகம்னு கணக்கு போட்டு. 2009ல ஒரு குழு செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனர்ல வச்சு மனுஷங்க போட்டோ காட்டினாங்க, தற்செயலா வர்ற பொய் முடிவை வடிகட்டுற புள்ளியியல் திருத்தம் செய்யாம கணக்கு போட்டா அதோட மூளையும் 'வேலை செஞ்சுது'. ஸ்கேன் படம் பாக்குற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்னு நெனைக்கிறேன்.

நேரம் துல்லியமா வேணும்னா இஇஜி. ஹான்ஸ் பெர்கர் 1924லயே தலைமேல எலக்ட்ரோடு வச்சு மூளையோட மின் அலையைப் பதிவு பண்ணிட்டார். மில்லிசெகண்ட் கணக்குல சொல்லும், ஆனா மண்டை ஓடு சிக்னலைக் கலைச்சுவிட்டுடும், எங்கிருந்து வருதுன்னு சரியா சொல்ல முடியாது. எம்இஜி மின்சாரத்துக்குப் பதிலா காந்தப்புலத்தை அளக்குது, மண்டை ஓடு அதை அவ்வளவா கலைக்காது.

இதெல்லாமே வேடிக்கை பாக்குறதுதான். ஒரு இடம் வேலை செய்யுதுன்னா அது இல்லாம அந்த வேலை நடக்காதுன்னு அர்த்தம் இல்லையே? அதைக் கண்டுபிடிக்க அந்த இடத்தை நாமளே சீண்டி, என்ன மாறுதுன்னு பாக்கணும். 1985ல ஆன்டனி பார்க்கர் காட்டின டிஎம்எஸ் அதுக்குத்தான், தலைக்கு வெளியில இருந்தே காந்தத் துடிப்பு கொடுத்தா உள்ள மின்சாரம் பாயும், உடம்பு அசைவைப் பாத்துக்குற மோட்டார் பகுதிமேல வச்சா கை தானா துடிக்கும். ஆனா மேல் பகுதியைத்தான் எட்டும்.

மூளையோட ஆழத்துல இருக்குற ஹிப்போகாம்பஸ்ங்கிற பகுதி என்ன செய்யுதுன்னு தெரிஞ்சது எச்.எம்.ங்கிற நோயாளியாலதான். 1953ல வலிப்புக்காக ஆபரேஷன் பண்ணி ரெண்டு பக்கமும் அந்தப் பகுதியை எடுத்தாங்க, அதுக்கப்புறம் நடந்தது எதுவும் அவர் மனசுல நிக்கல. பிரெண்டா மில்னர்ங்கிற உளவியலாளர், கையை நேரா பாக்காம கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரப் படம் வரையுங்கன்னு அவர்கிட்ட சொன்னாங்க. நாளுக்கு நாள் கை தேறிக்கிட்டே வந்துச்சு, இதை முன்னாடி செஞ்சதா மட்டும் அவருக்கு ஞாபகமே இல்ல.