நிவாரணம் வேறு, பயிர்க் காப்பீடு வேறு: மழைக்கு முன்பே பார்க்க வேண்டியவை

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை வலுத்து சம்பா வயல்கள் மூழ்கும்போதெல்லாம், வேளாண் துறையில் களப்பணி செய்யும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "காப்பீடு கட்டியிருக்கிறேன். அரசு நிவாரணமும் கிடைக்குமா?" கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு விதி. ஒன்றுக்குக் கொடுத்த தாள் இன்னொன்றுக்குச் செல்லாது. இது தெரியாமல் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபக்கத்தை இழந்தவர்கள் ஏராளம்.

நிவாரணம் என்பது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தரப்படும் இடுபொருள் மானியம். பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2015-க்கு முன்பு இந்த வரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், இறவை (பாசனப்) பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை கணக்கிடப்படும். மாநில அரசு சில நேரங்களில் கூடுதலாகவும் தருகிறது. 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழையில் பாதிக்கப்பட்ட நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 17,000 ரூபாய் என்றால் ஏக்கருக்கு ஏழாயிரம்கூட ஆகாது. நட்ட செலவையே அது ஈடுகட்டாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த விதைக்கும் உரத்துக்கும் கடன் தேடி அலையும் நேரத்தில் அந்தத் தொகைக்கு மதிப்பு உண்டு, விடக் கூடாது.

சேதத்தை வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும். கணக்கெடுப்பாளர் கையில் இருப்பது அடங்கல், அதாவது கிராமத்தின் பயிர்க் கணக்குப் பதிவேடு. உங்கள் சர்வே எண்ணில் அந்தப் பருவத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, சாகுபடி செய்தவர் யார் என்று அதில் இருக்கிறதோ அதுவே பேசும். நடவு முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று பதிவைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும்போது பதிவைத் திருத்தக் கேட்டால், கேட்பவர் ஒருவர் அல்ல, ஊரே வரிசையில் நிற்கும்.

இனி காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் (பயிர் காப்பீடு செய்யப்படும் மதிப்பில்) 1.5 சதவீதம், மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. 2020 முதல் கடன் பெற்றவர்களுக்கும் இது கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்று குறித்த நாளுக்குள் எழுதித் தராவிட்டால் வங்கி பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பணம் எந்தக் கிராமத்துக்கு, எந்தப் பயிருக்குப் பதிவானது என்று ரசீதைப் பாருங்கள். கிராமத்தின் பெயர் மாறிப் பதிவாகி, பக்கத்து வயல்காரருக்குப் பணம் வந்து தனக்கு வராமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

"என் வயல் முழுக்க அழுகிவிட்டது, ஒரு ரூபாய்கூட வரவில்லை" என்ற குமுறலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டம் அடிப்படையில் ஒரு கிராமத்தையோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவையோ ஒரே அலகாகப் பார்க்கிறது. அங்கே சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, கிடைத்த சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியில் குறிப்பிட்ட விழுக்காடுதான் உத்தரவாத மகசூல். அது 4,000 கிலோ, கிடைத்தது 3,000 கிலோ என்றால் குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அந்த அலகில் பதிவு செய்த எல்லோருக்கும் வரும். ஊரின் சராசரி 4,000-ஐத் தாண்டிவிட்டால், வாய்க்கால் ஓரத்துப் பள்ள வயல் அடியோடு போயிருந்தாலும் இந்தக் கணக்கில் எதுவும் வராது. அதனால்தான் பரிசோதனை எங்கே, எப்போது நடக்கிறது என்று கேட்டறிந்து, நேரில் போய் நில்லுங்கள் என்கிறேன். உங்கள் ஊரின் பணம் அந்த எடையில் இருக்கிறது.

தனி வயலுக்கு இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் தீ போன்றவற்றுக்கும், அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் அதற்கும், 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 14447 என்ற உதவி எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கியிலோ, வேளாண் அலுவலரிடமோ சொல்லலாம். நெல் வயலில் நீர் தேங்குவதை 2018-இல் இந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது டெல்டாவுக்கு இழைத்த பெரும் அநியாயம். 2026 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. உங்கள் பயிருக்கான மாநில அறிவிக்கையில் அது இடம்பெற்றிருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தண்ணீரை வடிக்கும் முன் வயலின் நான்கு பக்கமும் படம் எடுங்கள். தகவல் தந்ததற்கான பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனம் ஆறாத விஷயம் வாய்மொழிக் குத்தகை. செலவும் உழைப்பும் குத்தகைதாரருடையது, அடங்கலில் பெயர் வேறொருவருடையது. பணம் அந்தப் பெயருக்கே போகிறது. சாகுபடிதாரர் பெயரைப் பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஒரு பருவத்துச் சாகுபடியை அடங்கலில் எழுதுவதும், குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதும் ஒன்றல்ல. பின்னதற்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி நடைமுறை இருக்கிறது. பருவத் தொடக்கத்திலேயே இருவரும் சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டால் வட்டாட்சியருக்கும் வேளாண் உதவி இயக்குநருக்கும் சர்வே எண்ணுடன் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த ஒப்புகையோடு மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், உங்கள் மனு என்ன ஆனது என்று அதிகாரிகளிடம் நேரடியாகக் கேட்கலாம்.