மல்டிடூலுக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கலாம், கரண்ட் உள்ள லைனில் மட்டும் வைக்காதீர்கள்

கட்டட மின் பராமரிப்பில் இருப்பவன் நான். முன்பெல்லாம் புதிதாக வேலைக்கு வரும் பையன்களின் இடுப்பில் கட்டிங் பிளையரும் டெஸ்டரும் இருக்கும். இப்போது லெதர்மேன் வேவ் மாதிரி, பிளையர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் ஒரு மல்டிடூல் தொங்குகிறது. நல்ல பொருள்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதோடு சேர்த்து எதை வாங்க வேண்டும், வாங்கியதை எங்கே வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதலில் பிட், அதாவது டிரைவரில் மாற்றி மாற்றிப் பொருத்தும் திருகு முனை. கடையில் கிடைக்கும் சாதாரண கால் அங்குல (6.35 மி.மீ.) அறுகோண பிட் வேவின் பிட் டிரைவரில் நுழையாது. அதற்கென்றே தட்டையான, இரு முனையும் பயன்படும் பிட்கள் வருகின்றன. 21 பிட் உள்ள கிட்டில் 42 முனைகள். ஸ்டார், டார்க்ஸ், ஆலன், பொசிட்ரைவ் எல்லாம் அதில் உண்டு.

பொசிட்ரைவ் முனைக்காகவே அந்த கிட்டை வாங்கலாம் என்பேன். அடுத்த முறை ஒரு எம்சிபியில் (லோடு கூடினால் தானே இறங்கும் சுவிட்ச்) வயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் ஸ்க்ரூவை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிட்ரைவ், பெரும்பாலும் இரண்டாம் நம்பர். அதில் சாதாரண ஸ்டார் முனையை வைத்துத் திருகினால் ஆரம்பத்தில் கடிக்கும். இறுக்க வேண்டிய கடைசிச் சுற்றில் மேலே ஏறி வழுக்கிவிடும். இறுகிவிட்டது என்று நினைத்து மூடிவிட்டுப் போய்விடுவோம். ஏசியும் ஹீட்டரும் ஓட ஓட அந்த லூஸ் கனெக்‌ஷன் சூடாகி, வயரின் தோல் கறுத்து, எம்சிபியின் ஓரம் உருகும். கருகிப்போன டிபி பாக்ஸை, அதாவது எம்சிபிகள் இருக்கும் பெட்டியைத் திறக்கும்போது முதலில் நான் தொட்டுப் பார்ப்பது இந்தத் திருகுகளைத்தான்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன், பிட்டை நீளமாக்கும் தண்டு. ஒரு பக்கம் டிரைவரில் செருகிக்கொள்ளும், மறுபக்கம் லெதர்மேன் பிட்டோடு சாதாரண அறுகோண பிட்டையும் ஏற்கும். டூலின் தடித்த உடம்பு போகாத இடுக்கில் இருக்கும் திருகுக்கு இது இல்லாமல் முடியாது. முன்னும் பின்னும் ஆட்டியே திருகும் ராட்செட்டும் நல்லதுதான். ஃபால்ஸ் சீலிங்குக்குள் கையை முழுதாகத் திருப்ப இடமில்லாதபோது அதன் அருமை தெரியும்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். இந்த எக்ஸ்டென்ஷன் முழுக்க வெறும் இரும்பு. எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரில் கம்பியின் நுனிவரை உறை இருக்கும், இதில் எதுவும் கிடையாது. டிபிக்குள் விட்டால் முனை நியூட்ரலில் இருக்கும்போதே தண்டு பக்கத்து ஃபேஸை உரசலாம். டூலின் பிடியும் இரும்பு, அதைப் பிடித்திருக்கும் கை உங்களுடையது. 230 வோல்ட்டுக்கு அதுவே போதும்.

பிடிக்கு, சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிவிட்டேன் அண்ணா, பயமில்லை என்கிறார்கள் சிலர். தம்பி, தயவுசெய்து அதை நம்பாதே. மடக்கி விரிக்கும் டூலில் மூட்டும் பிளேடின் முதுகும் வெளியேதான் இருக்கும். விளிம்பு பட்டுப்பட்டு ஸ்லீவ் எங்கே கிழிந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. மின்காப்புள்ள கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 V என்ற எழுத்தும் இருக்கும். அது ஐஈசி 60900 தரத்தில் சோதித்ததற்கான அடையாளம். அந்தக் குறி இல்லாத எதையும் வெறும் இரும்பாகவே நினைத்துக்கொள்.

மல்டிடூலை டிபிக்குள் விடுவதற்கு முன் மெயினை இறக்கிவிடுங்கள். சப்ளை இருக்கிற இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் முனையில் வையுங்கள். மெயினை இறக்கினாலும், அதற்குள் சப்ளை வந்து சேரும் பக்கத்தில் உள்ள முனையில் சப்ளை இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பக்கம் எக்ஸ்டென்ஷனைக் கொண்டுபோகவே வேண்டாம்.

விக்டோரினாக்ஸ் கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதன் கார்க்ஸ்க்ரூவுக்குள் திருகி வைத்துக்கொள்ளும் குட்டி ஸ்க்ரூடிரைவர் தனியாகவே கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடியின் திருகுக்கு அதைவிட வசதியானது இல்லை. வெளியூர் வேலைக்கு விமானத்தில் போகிறவர்கள் கத்தியுள்ள டூலை செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.