கிரெடிட் லிமிட்டுன்னா 'வரவு வரம்பு' இல்லீங்க, கடன் வரம்பு

போன வாரம் சித்தப்பா போன் பண்ணி, "ஏம்ப்பா, பேங்க்ல ஒன்றரை லட்சம் வரவுன்னு மெசேஜ் வந்திருக்கு, பிஎஃப் பாக்கி போட்டுட்டாங்களா"ன்னு கேட்டார். மெசேஜை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தா, 'உங்கள் வரவு வரம்பை ரூ. 1,50,000 ஆக உயர்த்த ஒப்புதல் அளிக்கவும்'னு இருக்கு. கிரெடிட் கார்டுல எவ்வளவு வரைக்கும் கடனா செலவழிக்கலாம்ங்கிற லிமிட்டை ஏத்தறாங்களாம். பணம் வருதுன்னு நினைச்சு ஒப்புதல் பட்டனை அழுத்தப் போயிருக்கார் மனுஷன்.

கிரெடிட்டுக்கு மூலம் லத்தீன், 'நம்புறது'ன்னு அர்த்தம். நம்பிக் கொடுத்தது கடன், அவ்வளவுதான்.

இந்த 'வரவு' எங்கிருந்து வந்துச்சுன்னா பாஸ்புக்ல இருந்து. சேமிப்புக் கணக்குல கிரெடிட்டுன்னா வரவு, டெபிட்டுன்னா பற்று, அது ரொம்பச் சரி, அங்க நம்ம பணம் உள்ள வருது. அதையே தூக்கிக் கொண்டுவந்து கார்டுல ஒட்டினா எப்படி? கார்டு பில்லை நாம கட்டினா அந்த ஸ்டேட்மென்ட்லயே அது வரவுன்னுதான் விழும், ரீஃபண்டு வந்தாலும் வரவுதான், அப்புறம் அதே பக்கத்துல மேல 'வரவு வரம்பு'ன்னு போட்டா படிக்கிறவங்க எதை எதுன்னு எடுத்துக்குவாங்க? இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல், அது அவங்க பாடு. தமிழ்ல வரவு வேற, கடன் வேறன்னு தெளிவா ரெண்டு சொல் இருக்கு, இருக்கிற தெளிவை மொழிபெயர்க்கிறவங்களே கெடுக்கிறது எனக்குத் தாங்கல.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, தமிழுக்கான நம்பரை அமுக்கிக் கேட்டேன். அந்தப் பொண்ணு, "எங்களுக்கு அப்படித்தான் சார் எழுதிக் கொடுத்திருக்காங்க"ன்னுச்சு. அதைச் சொல்லிக் குத்தமில்ல.

சிலர் 'கடன்'னு போட்டா ஜனங்க பயப்படுவாங்கன்னு சொல்றாங்க. பயப்படட்டுமே! கடனும் கடமையும் ஒரே வேர்ல வந்த சொல், நன்றிக்கடன், காலைக்கடன்னு சொல்றோமில்ல, செஞ்சே தீரவேண்டியது, திருப்பியே ஆகவேண்டியதுங்கிற கனம் அதுல இருக்கு. 2022-ல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி நம்ம வெளிப்படையான சம்மதம் இல்லாம லிமிட்டை ஏத்தக்கூடாது, குறைச்சாலும் நமக்குச் சொல்லணும். வரவுன்னு நினைச்சு ஒருத்தர் பட்டனை அழுத்தினா அது என்ன சம்மதம்?

'கடன் எல்லை'ன்னும் ஒண்ணு கண்ணுல படுது. 'வரவு'க்கு இது எவ்வளவோ மேல், ஆனா எல்லைன்னா ஊர் எல்லை, நாட்டு எல்லை மாதிரி இடத்தைத்தான் முதல்ல நினைக்கத் தோணும். வரம்புன்னா வயல் வரப்பு. இவ்வளவு தண்ணி நிக்கட்டும்னு மண்ணை அணைச்சுக் கட்டுறது, வேணும்னா உசத்தலாம், வெட்டிக் குறைக்கலாம். லிமிட்டும் அதேதானே. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டுல எழுதிக்கிட்டே "ரெண்டாயிரத்துக்கு மேல கடன் ஏத்தாதீங்க தம்பி"ம்பார், அந்த ரெண்டாயிரம்தான் கடன் வரம்பு.

அப்போ அவைலபிள் லிமிட்டுக்கு, அதாவது அந்த வரம்புல செலவழிச்சது போக மிச்சமிருக்கிறதுக்கு? 'கிடைக்கும் வரவு'ன்னு ஒரு ஆப்ல பார்த்தேன், அய்யோ. 'கடன் வரம்பில் மீதி' போதும். சித்தப்பாகிட்ட இப்படித்தான் சொன்னேன், "உங்களுக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும் கடன் தர்றேங்கிறான், வேணுமா?" "எனக்கெதுக்குப்பா"ன்னு வச்சுட்டார்.