பாட்டி வைத்தியத்தை அளந்து பார்த்த டாக்டர்

"மூலிகைதானே, பக்கவிளைவு எப்படி வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலுக்கு வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கிலேய டாக்டரைக் கூப்பிடுகிறேன்.

1741இல் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்த காலத்தில் தாவரவியல் என்றாலே அவருக்குக் கசப்பு. அப்புறம் ஸ்டாஃபோர்டில் சிகிச்சைக்கு வந்த ஹெலனா குக்ஸ், பூக்களை வரைபவராக இருந்தார். அவர் வரைவதற்காகச் செடி தேடி அலைந்த டாக்டர், 1772இல் அவரையே மணந்தார். 1776இல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதிவிட்டார்.

இதற்கிடையே, 1775இல் ஒரு குடும்பக் கஷாயம் அவர் பார்வைக்கு வந்தது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்தது அது. அதில் 20க்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் இலை மட்டும்தான் என்று கண்டுபிடிக்கச் செடிகளை அறிந்த கண் போதுமாயிருந்தது. அளவுதான் பிடிபடவில்லை. இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. கொதிக்க வைத்தால் இன்னும் குழப்பம். கடைசியில், பூக்கும் பருவத்தில் இலை பறித்து, காயவைத்துப் பொடித்து, 1 முதல் 3 கிரெயின்வரை (கிரெயின் என்பது பழைய சிறு எடை அளவு) நாளுக்கு இரண்டு வேளை என்று வகுத்தார். 1785இல் வெளியிட்ட நூலில் தன் 163 நோயாளிகளின் கதையை, தோற்றவற்றையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

சரி, அந்த இலை என்ன செய்கிறது? இதயச் செல்லின் சவ்வில் ஒரு புரதப் பம்பு உண்டு. 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இலையிலுள்ள மூலக்கூறு வெளிப்பக்கமாக வந்து இந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்குகிறது. உள்ளே சோடியம் கொஞ்சம் தேங்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு புரதம்: உள்ளே பாயும் சோடியத்தின் வேகத்தை வைத்துத்தான் அது கால்சியத்தை வெளியேற்றும். உள்ளே ஏற்கெனவே சோடியம் தேங்கியிருப்பதால் பாய்ச்சல் தளர்கிறது. கால்சியம் வெளியேற வழியில்லாமல் செல்லின் கிடங்கில் சேர்கிறது. அடுத்த துடிப்புக்குக் கிடங்கு திறக்கும்போது கூடுதல் கால்சியம் கொட்டும், தசை இன்னும் இறுக்கிச் சுருங்கும். செல்லின் பம்பை முடக்கி, இதயம் என்ற பெரிய பம்புக்குப் பலம் கொடுக்கும் இந்தத் தில்லுமுல்லை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்! இதயம் பலமாக அடித்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும்; கோத்த நீர் வடியும்.

கால்சியம் அளவு மீறினால் அதே இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அரளி விதை கொல்வதும் இதே குடும்ப மூலக்கூறுகளால்தான். பம்புக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் தெரியாது.

அந்தப் பம்பைக் கண்டுபிடித்ததும் மருத்துவமனையில் அல்ல. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டுக் கால் நரம்பில் பிடித்தார், 1997இல் நோபல். நண்டு நரம்பு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு இன்று ஒருவர் விண்ணப்பித்தால் "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

இன்று அதே குடும்ப மூலக்கூறு ஒன்று கால் மில்லிகிராம் டிஜாக்சின் மாத்திரையாகக் கிடைக்கிறது. அதை விழுங்குபவரிடம் டாக்டர் கேட்பார்: வாந்தி வருகிறதா, நாடி மெதுவாகிறதா, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிகிறதா? மூன்றும் 1785 நூலிலேயே இருக்கின்றன.