எறும்பின் காலடிக் கணக்கு: மூளை எப்படிக் குறித்து வைக்கிறது?

துனிசியாவின் கடலோர ஊரான மஹாரெஸை அடுத்து உப்புப் படுகைகள் பரந்து கிடக்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் மரமில்லை, புதரில்லை. கோடை நண்பகலில் அந்தத் தரையில் இரை தேடப் புறப்படும் எறும்பு ஒன்று உண்டு: கேட்டாக்ளிஃபிஸ் ஃபோர்ட்டிஸ். வெயில் தாங்காமல் செத்து விழுந்த பூச்சிகள்தான் அதன் உணவு. புற்றிலிருந்து வெளியே வந்து, இங்கும் அங்குமாக வளைந்து நெளிந்து 100 மீட்டருக்கு மேலும் அலையும். இரை கிடைத்ததும் வந்த வழியை மறுபடி மிதிக்காது. திரும்பி, நேர்கோட்டில் புற்றை நோக்கி ஓடும். புற்றின் வாயோ தரையில் ஒரு சின்னத் துளை. சில மீட்டர் தள்ளி நின்றாலே எறும்பின் கண்ணுக்குத் தெரியாது.

இரையைக் கவ்விய நொடியில் எறும்பைப் பிடித்து, வேறொரு வெற்றுத் தரையில் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? எறும்பு அதே திசையில், அதே தூரம் ஓடுகிறது. இடம் மாற்றாமல் இருந்திருந்தால் புற்று எங்கே இருந்திருக்குமோ, அந்த இடத்தில் போய் நிற்கிறது. பிறகு சிறு சிறு சுற்றுகளாகத் தேடத் தொடங்குகிறது. சூரிச் பல்கலைக்கழகத்தின் ரூடிகர் வேனரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் இந்த எறும்புகளோடு செய்த ஆய்வுகளில் இதுதான் அடிப்படைச் சோதனை.

எறும்பு தவறான இடத்துக்குப் போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புற்றின் வாசனையோ தோற்றமோ அதை இழுக்கவில்லை. இழுத்திருந்தால் இந்த இடத்தில் வந்து தேடியிருக்காது. அதன் தலைக்குள் ஏதோ ஒன்று புற்றுக்குப் பதிலாக நின்று, 'இந்தத் திசை, இவ்வளவு தூரம்' என்று சொல்லியிருக்கிறது. அறிதிறன் அறிவியலில் இதைத்தான் மன உருவகம், உள்நிலைப் பிரதிநிதித்துவம் என்றெல்லாம் சொல்கிறார்கள். நான் இங்கே அகக்குறிப்பு என்று எளிமையாக அழைக்கிறேன். எது அகக்குறிப்பு, எது இல்லை என்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். குறிக்கப்படும் பொருள் கண்ணெதிரே இல்லாதபோதும் அது நடத்தையை வழிநடத்த வேண்டும். அது தப்பாகவும் இருக்க முடிய வேண்டும். வெயிலில் சூடாகும் பாறை வெயிலைப் 'பற்றி' எதையும் சொல்வதில்லை, ஆகவே தப்பாகவும் சொல்ல முடியாது. இடம் மாற்றப்பட்ட எறும்பின் அகக்குறிப்போ இரண்டு சோதனையிலும் தேறுகிறது.

இனி கணக்கீடு. எறும்பு கிழக்கே 6 மீட்டர் போய், அப்புறம் வடக்கே 8 மீட்டர் போனதாக வைத்துக்கொள்வோம். புற்று இப்போது 10 மீட்டர் தூரத்தில், தெற்கிலிருந்து மேற்குப் பக்கமாக ஏறத்தாழ 37 பாகை சாய்ந்த திசையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க முழுப் பாதையையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. இரண்டு கூட்டுத்தொகைகள் போதும்: கிழக்கு–மேற்காக இதுவரை எவ்வளவு, வடக்கு–தெற்காக இதுவரை எவ்வளவு. ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் சற்றே திருத்திக்கொண்டே வந்தால், எந்தக் கணத்தில் நின்றாலும் இரண்டின் குறியையும் மாற்றிப்போட்டு வீட்டுக்கு வழி பார்த்துவிடலாம். பாதை எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் குறிப்பின் அளவு கூடுவதில்லை. சிறிய மூளைக்கு இது பெரிய சேமிப்பு.

இதைக் கணக்கீடு என்று சொல்வது வெறும் உவமையா? இல்லை என்பதே என் உறுதியான கருத்து. வெளியே அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இடப்பெயர்ச்சி ஆகின்றன. உள்ளே சில நிலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து புதிய நிலை ஆகின்றன. வெளியே உள்ள கூட்டலும் உள்ளே உள்ள கூட்டலும் ஒத்துப்போகும்படி எறும்பின் மூளை அமைந்திருக்கிறது. கணக்கீடு என்பதற்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் கணக்கிடுவது என்றால் என்ன என்பதை, விதிப்படி குறியீடுகளை மாற்றும் ஒரு கற்பனை இயந்திரமாக வரையறுத்தார். 1943-இல் அமெரிக்க ஆய்வாளர்களான வாரன் மெக்கல்லக்கும் வால்ட்டர் பிட்ஸும், எளிமையாக்கிய நியூரான்களை, அதாவது நரம்பணுக்களை, கோத்துத் தருக்கச் செயல்களைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். கணக்கிட எண்ணையும் எழுத்தையும் அறிந்த ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஒரே செய்தியைப் பல வடிவங்களில் குறிக்கலாம். எந்த வடிவம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த வேலை சுலபம், எது கடினம் என்பது அமையும். பார்வையை ஆராய்ந்த டேவிட் மார் இதை அழுத்திச் சொன்னவர். ஒரு மூளைச் செயலை மூன்று மட்டங்களில் விளக்க வேண்டும் என்றார் அவர்: முதலாவது, என்ன கணக்கு, ஏன்; இரண்டாவது, எந்தக் குறிப்பு வடிவத்தில், எந்தப் படிமுறையில் (எந்தெந்தப் படிகளாக); மூன்றாவது, எந்த உடல் உறுப்பில். நடு மட்டத்தைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

அதைக் கண்ணால் பார்க்க நம் பழைய தமிழ் எண்களே நல்ல சான்று. 37 என்பதைப் பழைய முறையில் ௩௰௭ என்று எழுதுவார்கள்: மூன்று, பத்து, ஏழு. 305 என்பது ௩௱௫. நூறு என்பதற்கே ஒரு குறி இருப்பதால் நடுவில் சுழியம் தேவைப்படவில்லை. ஆனால் இரண்டு எண்களில் எது பெரியது என்று நீளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 99 என்பது ௯௰௯, மூன்று குறிகள். 100 என்பது ௱, ஒரே குறி. இன்றைய இடமதிப்பு முறையில் நீளமான முழு எண்ணே பெரியது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அதே 37 இரும எண்ணில் 100101. அங்கே கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே ஒற்றைப்படை என்று தெரியும். ஆனால் பத்தால் வகுபடுமா என்பது மறைந்துவிடுகிறது. மூன்றும் ஒரே எண்தான். எது வெளிப்படையாக நிற்கிறது, எதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான் வேறு.

எறும்பின் குறிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது? மூளையைத் திறக்காமலே ஓரளவு அறியலாம். வழி, அதைத் தவறு செய்ய வைப்பதுதான்.

2006-இல் மத்தியாஸ் விட்லிங்கர், வேனர், ஹரால்ட் வோல்ஃப் மூவரும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். எறும்புகள் புற்றிலிருந்து 10 மீட்டர் நடந்து உணவிடத்துக்கு வந்தன. அங்கே சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் வைத்தார்கள். வேறு சிலவற்றின் கால்களைப் பாதியில் குட்டையாக்கினார்கள். பிறகு வீடு திரும்ப விட்டார்கள். எதுவும் செய்யாத எறும்புகள் 10.2 மீட்டர் அளவில் புற்றைத் தேடத் தொடங்கின. பொய்க்கால் எறும்புகள் சுமார் 15.3 மீட்டர் வரை தாண்டிப் போய்விட்டன. குட்டைக்கால் எறும்புகள் 5.75 மீட்டர் அளவிலேயே நின்று தேடின. எறும்பு தூரத்தை நடையைக் கொண்டு அளக்கிறது. எத்தனை அடி என்பதுதான் அதன் அளவுகோல்.

சோதனை அதோடு முடியவில்லை. அதே எறும்புகள் மாற்றிய கால்களோடு புற்றிலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பியபோது, தூரம் ஏறக்குறைய சரியாக வந்தது. போகும்போதும் வரும்போதும் அடியின் நீளம் ஒன்றே என்பதால் பிழை தானே கழிந்துவிடுகிறது. ஆக, குறிப்பு மீட்டரில் இருக்க வேண்டியதே இல்லை. எழுதும்போதும் படிக்கும்போதும் அலகு மாறாமல் இருந்தால் போதும். நடுவில் மாறினால்தான் ஆபத்து.

ஆனால் 'எறும்பு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது' என்று இதை எடுத்துக்கொண்டால் தப்பு. மேடும் பள்ளமுமான தடத்தில் நடக்கவிட்டுப் பிறகு சமதரையில் சோதித்தபோது, எறும்புகள் ஏறி இறங்கிய மொத்த நீளத்தை நடக்கவில்லை. தரைமட்டமாக அளந்தால் வரும் தூரத்தையே நடந்தன. சரிவும் எப்படியோ கணக்கில் சேர்கிறது.

திசைக்கு வானமே திசைகாட்டி. கண்ணின் மேல் விளிம்பில் உள்ள சிறப்புப் பகுதி, வான ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, உணர்கிறது. சூரியனும் அந்த ஒளிக்கோலமும் நேரத்தோடு நகர்வதால் அதற்கும் திருத்தம் வேண்டும். இங்கே சிறு பிழையும் தூரத்தோடு வளரும்: 5 பாகை தப்பினால் 10 மீட்டரில் 0.87 மீட்டர் விலகல், 100 மீட்டரில் 8.7 மீட்டர். முடிவில் சுற்றிச் சுற்றித் தேடும் பழக்கம் அதற்காகத்தான்.

1988-இல் மார்ட்டின் முல்லரும் வேனரும், திருப்பம் உள்ள பாதைகளில் எறும்பை நடக்கவைத்து, அது தேர்ந்த திசையை அளந்தார்கள். பிழைகள் இரு பக்கமும் சிதறவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்தன. எறும்பு துல்லியமான முக்கோணவியல் செய்யவில்லை, திசைகளின் ஒருவிதச் சராசரியை எடுக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். சிதறிய பிழை கருவியின் நடுக்கம். ஒரு பக்கமாகச் சாயும் பிழையோ, உள்ளே ஓடும் படிமுறையின் கைரேகை.

உறுப்பு மட்டத்துக்கு வந்தால் பழ ஈதான் கைகொடுத்தது. 2015-இல் ஜோஹன்னஸ் சீலிக்கும் விவேக் ஜெயராமனும், பந்தின் மேல் நடக்கும் ஈயின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூளையின் நடுவே வடையைப் போன்ற வளையம் ஒன்று. அதில் நியூரான்கள் துடிக்கும் ஓரிடம் மட்டும் நுண்ணோக்கியில் ஒளிரும். ஈ வேறு பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த ஒளிமேடும் வளையத்தைச் சுற்றி நகரும். இருட்டிலும் நகர்ந்தது, மெல்ல வழுவிக்கொண்டே. ஈ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதன் குறிப்பு அது.

திசையோடு தூரமும் வேண்டுமே? 2022-இல் இரு ஆய்வுக்குழுக்கள் ஈயின் மூளையில் அழகான விடை ஒன்றைக் கண்டன. ஒரு வரிசை நியூரான்களில் அலை போன்ற ஏற்ற இறக்கம். அலையின் உச்சம் எங்கே என்பது திசை. அலை எவ்வளவு உயரம் என்பது அளவு. இப்படி எழுதினால், இரண்டு நகர்வுகளைக் கூட்ட நியூரானுக்கு நியூரான் கூட்டினாலே போதும்.

நம் உதாரணத்தையே எட்டு நியூரான்களில் போட்டுப் பார்க்கலாம். கிழக்கில் தொடங்கி வடக்கு வழியாக 45 பாகைக்கு ஒன்று. ஒவ்வொன்றும், நகர்வில் தன் திசையில் அமையும் பங்கு எவ்வளவு என்பதைக் குறிக்கும்; எதிர்ப்பக்கமானால் கழித்தல் குறி. கிழக்கே 6 என்பது 6, 4.2, 0, −4.2, −6, −4.2, 0, 4.2. வடக்கே 8 என்பது 0, 5.7, 8, 5.7, 0, −5.7, −8, −5.7. நேருக்கு நேர் கூட்டினால் 6, 9.9, 8, 1.5, −6, −9.9, −8, −1.5. உச்சம் கிழக்குக்கும் வடக்குக்கும் நடுவே, உயரம் ஏறக்குறைய 10. வர்க்கமூலமும் இல்லை, கோண அட்டவணையும் இல்லை. வீட்டுத் திசை வேண்டுமா? அலையை அரைச்சுற்று நகர்த்து. நியூரானால் எதிர்மறையாகத் துடிக்க முடியாது என்பதால், எல்லாவற்றோடும் ஓர் அடிப்படை அளவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. ஈயில் கண்டது, அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் நகர்கிறோம் என்ற கணக்கு. பயணம் முழுவதையும் சேர்த்து வைக்கும் எறும்பின் நினைவும் இதே வடிவம்தான் என்பது, மூளையின் அதே பகுதியை வைத்துக் கட்டப்பட்ட மாதிரிகள் சொல்வது.

அந்த நினைவு எதனால் ஆனது? தொடர்ந்து சுழலும் மின்துடிப்பா, நியூரான் இணைப்புகளில் பதிந்த மாற்றமா? அதே 2022-இல் ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா எறும்புகளில் இதைச் சோதித்தார்கள். வீடு திரும்பத் தயாரான எறும்புகளைக் குளிரூட்டி, அசைவற்றுப் போகும்படி செய்து, பிறகு வெதுவெதுப்பாக்கி விட்டார்கள். துடிப்பில் மட்டும் இருந்த நினைவானால் முழுதும் அழிந்திருக்க வேண்டும். எறும்புகள் திசையை மறக்கவில்லை. ஆனால் போக வேண்டிய தூரத்தைவிடக் குறைவாகவே ஓடின.

மேலே எழுதிய எட்டு எண்களையும் பாதியாக்கிப் பாருங்கள்: 3, 4.95, 4, 0.75, −3, −4.95, −4, −0.75. உச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உயரம் மட்டும் 10-இலிருந்து 5-க்கு இறங்கியிருக்கிறது.