டிவி முன்னால் நாம் பேசுவது அவள் காதில் விழுகிறது

முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை. மூன்று மாதமாகத் தீராத வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று பாளையங்கோட்டைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் பேசினாள். அவளுக்கு மெசேஜ் அனுப்பி வந்தவன் ஒரு மொபைல் கடைக்காரன், வயது 31. ரீசார்ஜ் செய்யப் போன இடத்தில் நம்பர் அவன் கைக்குப் போயிருக்கிறது. முதல் மெசேஜ் என்ன தெரியுமா? "சாப்டியா?" அவ்வளவுதான். இரண்டு மாதம் அதைத்தான் கேட்டிருக்கிறான். பரீட்சை எப்படி எழுதினாய், தலைவலி போயிற்றா என்று விசாரித்திருக்கிறான். ஆயிரம் பீடியை முடித்துக் கடையில் போட வேண்டிய அவசரத்தில் இருந்த அம்மாவுக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை. கடைசியில் விஷயம் அவளுடைய படத்தில் வந்து நின்றது. "நான் கூப்பிடுற இடத்துக்கு வரலைன்னா உங்க தெரு முழுக்க அனுப்பிருவேன்."

"அம்மாகிட்ட ஏன்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"எட்டரை மணி நாடகத்துல இதே மாதிரி ஒரு பிள்ளை வந்துச்சு மேடம். அம்மாவும் ஆச்சியும் பார்த்துக்கிட்டு இருந்தாவ. 'இவ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் பின்னாடி வாரான்'னு ஆச்சி சொன்னா. அம்மா, 'எம்பிள்ளை இப்படிச் செஞ்சான்னா வெட்டிப் போட்டுட்டு நானும் செத்துருவேன்'னு சொன்னா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லச் சொல்லுதிய?"

பிறகு அவளுடைய அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நானா சொன்னேன்? எப்பம்மா சொன்னேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. மடியில் சொளகு, கையில் பீடிக்குச் சுற்றிய நூல், கண் டிவியில். நாடகத்தில் வருகிற ஒருத்தியைத்தானே திட்டினார்! ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைத் தனக்கான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டாள். ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை.

வளரிளம் பெண்களை ஏமாற்றும் ஆண்களைப் பற்றி இப்போது தொடர்கள் நிறைய வருகின்றன. வரட்டும், வரத்தான் வேண்டும். பேசவே கூடாத விஷயம் என்று கிடந்ததை வீட்டு நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவை அவைதான். ஆனால் அவற்றில் வில்லன் வந்தாலே இசை மாறுகிறது, பார்வை மாறுகிறது, பார்க்கிற எல்லோருக்கும் அவன் யார் என்று தெரிந்துவிடுகிறது. நான் கேட்கிற கதைகளில் யாருக்கும் அப்படித் தெரிவதில்லை. "நல்ல பையன் டாக்டரம்மா, கேஸ் சிலிண்டரை மாடி வரைக்கும் தூக்கி வச்சுட்டுப் போவான்" என்பார்கள். ட்யூஷன் சாராக, வேன் ஓட்டுகிறவராக, முறைக்கு மாமாவாக, சித்தப்பாவாக இருப்பான். வீட்டில் முதலில் நம்பிக்கை சம்பாதிப்பது நம்மிடம்தான். பிள்ளையிடம் அப்புறம்தான் போகிறான்.

அவனுக்குப் பொறுமை அதிகம். யார் வீட்டில் அப்பா வெளியூரில், யார் வீட்டில் தினமும் சண்டை, எந்தப் பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை என்று பார்த்து வைத்துக்கொள்கிறான். கேட்காமலே ரீசார்ஜ் போட்டுவிடுகிறான். பிறகு "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற ஒரு வாக்கியம் வரும். அடுத்து, ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சிறிய பொய் ஒன்றைச் சொல்ல வைப்பான். அந்தப் பொய்தான் கயிறு. மாட்டினால் தானும் மாட்டுவோம், படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தை வைத்தே அடுத்த ஓராண்டை ஓட்டிவிடுகிறான்.

"அவளும் விரும்பித்தானே போனாள்?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத பிள்ளையின் சம்மதம் சம்மதமே ஆகாது. சட்டத்தை விடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை அன்புக்கு ஏங்குவது வயதின் இயல்பு. முப்பது வயதுக்காரன் அந்த ஏக்கத்தைப் பயன்படுத்துவது குற்றம். கூடப் படிக்கிற பையனுக்கு லெட்டர் கொடுத்த பிள்ளைகளையும் இதே பதற்றத்தோடு அழைத்து வருகிறார்கள். அது வேறு, இது வேறு. வேறு சாதிப் பையன் என்றதும் கொதிக்கிற வீடுகள், சொந்தக்காரன் செய்தால் மூடி மறைப்பதையும் இந்த மாவட்டத்தில் பார்த்துவிட்டேன்.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதில் 53 சதவீதக் குழந்தைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. என் அறையில் நான் தினமும் பார்ப்பது இந்தக் கடைசி வரியைத்தான்.

தொடர் எடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் பெண்ணைக் கடைசியில் சாகடிக்காதீர்கள். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இதற்கு அது ஒன்றுதான் முடிவு என்று பதிந்துவிடுகிறது. அவள் சித்தியிடமோ டீச்சரிடமோ வாய் திறக்கிற காட்சியை, தட்டுத்தடுமாறி முதல் வார்த்தை வருவதை, முழுசாகக் காட்டுங்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதையும் காட்டுங்கள். ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்கள், பேப்பரில் பேர் வரும் என்றுதான் எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். பிள்ளை இருக்கிற இடத்துக்கே, முடிந்தவரை பெண் போலீஸ் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது சட்டம். பெயரையோ படத்தையோ, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரம் எதையுமோ ஊடகங்கள் வெளியிடக்கூடாது. எஃப்ஐஆர் போடவில்லை என்று சொல்லி மருத்துவமனை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாத ஒன்றும் உண்டு. தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் மருத்துவருக்கும் தண்டனை உண்டு. அதனால் பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்பே, "இதை மட்டும் நான் சொல்லியாக வேண்டியிருக்கும்மா, ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அநேகம் பேர் திரும்பி வருகிறார்கள்.

போன மாதம் ஆலங்குளம் பக்கமிருந்து வந்த அம்மா ஒருவரிடம், நாடகம் பார்க்கும்போது எதையாவது சொல்லத்தான் போகிறீர்கள், இப்படிச் சொல்லிப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் வந்து சொன்னார். அந்தக் காட்சி வந்ததும், மகளைப் பார்க்காமல், டிவியைப் பார்த்தே சொன்னாராம்: "பாவம், வீட்ல சொல்லிருக்கலாம் இந்தப் பிள்ளை. எம்பிள்ளை எங்கிட்ட வந்து சொன்னா நான் ஏசவே மாட்டேன்."

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல டாக்டரம்மா. ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சுக்கிட்டே இருந்தா."

பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும் என்றேன்.